மூன்றாம் முறை எழுதாத பாடம்

காலை ஐந்து மணி அலாரம், நாற்பது நாள் தியானச் சவால், 'புதிய நான்' பயிற்சி முகாம்… நம்மை நாமே திருத்திக்கொள்ளும் வேலைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு இல்லை. இந்த ஓட்டத்தில் ஆன்மிகமும் இன்னொரு ஹோம்வொர்க் ஆகிவிட்டதா?

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெரு. அதில் 11-ஆம் எண் வீடு. 1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. 16 வயதுப் பையன் ஒருவன் இம்போசிஷன் எழுதிக்கொண்டிருக்கிறான். பெயின் என்ற வெள்ளைக்காரர் எழுதிய ஆங்கில இலக்கணம். பாடம் படிக்காமல் வந்ததற்காக, மூன்று முறை எழுதிவரச் சொல்லிக் கொடுத்த தண்டனை. இரண்டு முறை எழுதியாயிற்று. மூன்றாவது முறை எழுதப் போனவனுக்கு இது எதற்கு என்று தோன்றிவிட்டது. நோட்டைத் தள்ளி வைத்தான். கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான்.

பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் நாகசாமிக்கு எரிச்சல். ஆறு வாரமாகவே தம்பியின் போக்கு சரியில்லை. விளையாட்டில்லை, சண்டையில்லை, படிப்பில்லை. நேரம் கிடைத்தால் கோயிலுக்குப் போய் அறுபத்துமூவர் முன்னால் நின்றுகொண்டிருக்கிறான். இப்படி இருக்கிறவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்கிற அர்த்தத்தில் ஒரு குத்தல் விட்டார். தம்பி திருந்தட்டும் என்று சொன்னதுதான். தம்பிக்கோ அது வசவாகவே படவில்லை. நிஜம்தானே என்று பட்டது. எழுந்தான், பள்ளிக்கூடத்தில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்றான், கிளம்பினான். செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை அருணாசலேஸ்வரர் கோயிலில் நின்றான். 1950-ல் உடலை விடும் வரை அந்த மலையைவிட்டு அவன் நகரவில்லை. வேங்கடராமன் என்ற அந்தப் பையனைத்தான் உலகம் ரமண மகரிஷி என்கிறது.

இதை ஞானத்தின் கதையாகப் பலமுறை கேட்டிருக்கிறோம். இந்த வாரம், பாதியில் கிடக்கும் அந்த இம்போசிஷன் நோட்டை மட்டும் கையில் எடுப்போம். ஏனென்றால் நம்மில் பலர் அதை இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம். வாத்தியார் எப்போதோ போய்விட்டார். நாமே வாத்தியார், நாமே பையன்.

ஐந்து மணி அலாரம்

என் நோட்டுக்கு நீல அட்டை. ஜனவரி முதல் தேதி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். ஐந்து மணிக்கு எழுவது, இருபது நிமிடம் தியானம், சர்க்கரையில்லாத காபி, பத்து மணிக்கு மேல் செல்போன் கூடாது, கடைசியாக, கோபப்படக் கூடாது. செய்தால் டிக், தவறினால் எக்ஸ். தியானத்துக்குத் தனியாக ஒரு செயலி. தினமும் உட்கார்ந்தால் ஒரு நெருப்புப் படம் வரும். பக்கத்தில் எத்தனை நாள் விடாமல் உட்கார்ந்தோம் என்ற எண். எனக்கு 38 வரை வந்தது.

முப்பத்தொன்பதாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். இரவெல்லாம் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தேன். விடிந்து, டாக்டரிடம் போய் வந்து, மத்தியானம் செல்போனைத் திறந்தால் நெருப்பு அணைந்திருந்தது. எண் பூஜ்யம். முப்பத்தெட்டு நாள் போச்சே என்று அடிவயிற்றில் ஓர் ஆத்திரம். சாப்பிட உட்கார்ந்த பையன், "ரசத்துல உப்பில்லம்மா" என்றான். அவ்வளவுதான். கத்தித் தீர்த்தேன். அவன் நிதானமாக உப்பு ஜாடியை இழுத்துக்கொண்டே சொன்னான்: "நீ தியானம் பண்ண ஆரம்பிச்சதுலேர்ந்துதான்மா ஜாஸ்தி கத்தற."

அன்று ராத்திரி நோட்டில் இரண்டு எக்ஸ். ஒன்று தியானத்துக்கு, இன்னொன்று கோபத்துக்கு. விடிய விடிய அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததற்கு அந்த நோட்டில் கட்டமே கிடையாது.

பிராங்க்ளினின் கறுப்புப் புள்ளி

கட்டம் போட்ட முதல் ஆள் நான் இல்லை. அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் (1706–1790), அச்சுக்கூடம் நடத்திய இளம் வயதில், குறையே இல்லாத மனிதனாகிவிடுவது என்று முடிவெடுத்தார். பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியலிட்டார். சிறிய நோட்டில் சிவப்பு மையால் கோடு: வாரத்துக்கு ஏழு பத்தி, குணத்துக்கு ஒரு வரி. தவறினால் அந்தக் கட்டத்தில் கறுப்புப் புள்ளி. வாரம் ஒரு குணத்தில் முழுக்கவனம். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. வருடத்துக்கு நான்கு சுற்று.

புள்ளிகளை அழித்து அழித்துக் காகிதமே ஓட்டையாகிவிட்டது. பிறகு, ஈரப் பஞ்சால் துடைக்கக்கூடிய தந்தத் தகடுகளுக்கு மாறினார். பட்டியலில் முதலில் பன்னிரண்டு குணங்கள்தான் இருந்தன. உமக்குத் தலைக்கனம் இருக்கிறது என்று நண்பர் ஒருவர் சொன்ன பிறகுதான் பதின்மூன்றாவதாகப் பணிவு சேர்ந்தது. அந்தப் பணிவில்தான் சிக்கல். கர்வத்தை முழுக்க வென்றுவிட்டேன் என்று ஒருநாள் நினைத்தால், அந்தப் பணிவைப் பற்றியே கர்வம் வந்துவிடும் என்று தன் வரலாற்றில் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்கிறார். ஒழுங்கு என்ற குணம் மட்டும் கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை.

அங்கே அவர் ஒரு கதை சொல்கிறார். கொல்லனிடம் கோடரி வாங்கிய ஒருவன், விளிம்பைப் போலவே முழுக் கோடரியும் பளபளக்க வேண்டும் என்றான். நீ சக்கரத்தைச் சுற்று, நான் தீட்டித் தருகிறேன் என்றான் கொல்லன். சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்தது. இன்னும் புள்ளிகள் இருக்கின்றனவே என்றான் கொல்லன். பரவாயில்லை, புள்ளி உள்ள கோடரிதான் எனக்குப் பிடிக்கும் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அலுத்துப்போனவனின் சமாதானம் என்று இதைச் சொல்லலாம். ஆனால் கோடரிக்கு வெட்டுவதுதானே வேலை? விளிம்பு தீட்டியிருந்தால் போதாதா?

1859-ல் இங்கிலாந்தில் சாமுவேல் ஸ்மைல்ஸ் சுயமுன்னேற்றத்தையே தலைப்பாக்கி ஒரு புத்தகம் எழுதினார். அன்றிலிருந்து அது ஓர் இலக்கிய வகை. தமிழிலும் அப்துற் றஹீமில் தொடங்கி எம்.எஸ்.உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' வரை அதற்குப் பெரிய வாசகர் கூட்டம் இருந்தது. 1988-ல் வந்த 'உன்னால் முடியும் தம்பி' படத்தில் கமல்ஹாசன் பாத்திரத்துக்கு உதயமூர்த்தி என்றே பெயர். இவற்றைக் கேலி செய்வது சுலபம். ஆனால் வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்த ஒரு பையனுக்கு, உன்னால் முடியும் என்று சொல்ல ஊரில் வேறு யாரும் இல்லாத காலத்தில், இந்தப் புத்தகங்கள்தான் தோளில் கை போட்டன. அந்தக் கை இன்று சில இடங்களில் கழுத்துக்கு நகர்ந்துவிட்டது. முடியும் என்பது முடிந்தே ஆக வேண்டும் என்றானது. முடியாமல் போனால் தப்பு உன் எண்ணத்தில்தான் என்றும் ஆனது.

இம்போசிஷன் கொடுத்தது யார்?

தண்டனை எழுதுவதற்கு முன் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை நாம் கேட்பதேயில்லை. இந்தக் குற்றத்தை என் மேல் எழுதியது யார்?

1975-ல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு, பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட்டது 2020-ல். நாற்பத்தைந்து வருடம், இரண்டு தலைமுறைப் பெண்கள் தங்கள் முகத்தையே பிழையாக வாசிக்கப் பழகினார்கள். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்கிற பாராட்டில் உள்ள 'இருந்தாலும்'தான் அவர்களுக்கு வாய்த்த இம்போசிஷன். பெண் பார்க்க வந்தவர்கள் கொடுத்த பாடத்தைப் பெண்ணே கண்ணாடி முன் உட்கார்ந்து மூன்று முறை எழுதினாள்.

இன்னும் கொடுமையான ஒன்று உண்டு. தன்பாலினரை 'குணப்படுத்தும்' சிகிச்சை. நோயே இல்லாத இடத்தில் மருந்து. 2021-ல் மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள் தங்கள் உறவை ஏற்காத வீடுகளை விட்டுச் சென்னைக்கு வந்து, பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். வழக்கு நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அவர் செய்ததுதான் அபூர்வம். இந்த விஷயத்தில் தனக்கே முன்முடிவுகள் இருப்பதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணர் ஒருவரிடம் தானே பாடம் கேட்க உட்கார்ந்தார். அந்த ஜூன் மாதம் அவர் பிறப்பித்த உத்தரவு, பாலியல் நாட்டத்தை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளுக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது.

அந்த வழக்கில் திருந்த வேண்டியவர்கள் என்று ஊர் நினைத்தது அந்தப் பெண்களை. திருத்திக்கொண்டவர் நீதிபதி. எதைத் திருத்துவது, எதை விட்டுவிடுவது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. பெண்களிடம் இருந்தது இயல்பு. அது யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. நீதிபதி தன்னிடம் கண்டது அறியாமை. அது அப்படியே இருந்தால் இன்னொருவர் வாழ்க்கையைக் கெடுத்துவிடும்.

நெசவாளரின் காகிதமும் பென்சிலும்

ஆன்மிகம் என்றாலே எல்லாவற்றையும் அப்படியே ஏற்றுக்கொண்டு சும்மா இருப்பது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்கு நேர்மாறான ஒரு வழியும் உண்டு. அதிலும் ஒரு நோட்டு உண்டு.

1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் வேதாத்திரி மகரிஷி. 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, 2006-ல் மறையும் வரை அவர் பரப்பிய மனவளக்கலையில் தியானத்துக்குச் சமமாக ஒன்று வைத்தார்: அகத்தாய்வு. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று படிப்படியாகப் போய், கடைசியில் 'நான் யார்?' என்ற கேள்வியில் முடியும் பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு செய்வதில்லை. காகிதமும் பென்சிலும் வேண்டும்.

யார் யார் மேல் கோபம் வருகிறது என்று பெயர் பெயராக எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால் ஒன்று தெரியும். பட்டியலில் இருப்பவர்கள் பெரும்பாலும் எதிரிகள் இல்லை. கணவன், மனைவி, பிள்ளை, கூட வேலை செய்கிறவர். கவலைகளையும் எழுதி நான்காகப் பிரிக்கச் சொல்வார். அனுபவித்துத் தீர்க்க வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனே தீர்வு காண வேண்டியவை.

அந்த முதல் வகையைக் கொஞ்சம் கவனியுங்கள். அனுபவித்துத் தீர்க்க வேண்டியவை! பிறந்த வீடு, போன உறவு, திரும்பாத வயது. திருத்தப் புறப்பட்ட பட்டியலிலேயே திருத்த முடியாதவற்றுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறார் அந்த நெசவாளர். என் நீல நோட்டில் அந்தப் பத்தியே இல்லை. அதில் டிக், எக்ஸ் இரண்டே தீர்ப்புதான். அவருடையது கணக்கு நோட்டு, என்னுடையது குற்றப்பத்திரிகை.

குப்பையை எண்ணாதவர்

திருவண்ணாமலைக்கு வருவோம். 1902 வாக்கில், விருபாட்ச குகையில் பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த இளைஞரைத் தேடி சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த் துறை ஊழியர் வந்தார். அவர் கேட்டதற்கெல்லாம் ரமணர் எழுத்திலும் சைகையிலும் பதில் சொன்னார். 1923-ல் அச்சான 'நான் யார்?' என்ற சின்னப் புத்தகம் அப்படிப் பிறந்தது.

அதில் ஓர் உவமை வருகிறது. கூட்டித் தள்ள வேண்டிய குப்பையை உட்கார்ந்து ஆராய்ச்சி செய்வதில் பயனில்லை என்கிறார். தன்னைப் பாவி என்று நினைத்து அழுதுகொண்டிருப்பதும் வேண்டாம் என்கிறார். நம் காதுக்கு இது புதிது. குற்றவுணர்ச்சியைப் பக்தியின் அடையாளமாகவே பழகியவர்கள் நாம். ரமணர் பார்வையில் 'நான் மோசமானவன்' என்பதும் 'நான்' பற்றிய பேச்சுதான். நான் நல்லவன் என்கிற கர்வமும், நான் கெட்டவன் என்கிற அழுகையும் ஒரே ஆளைச் சுற்றித்தான் வருகின்றன. அந்த ஆள் யார் என்று பார் என்பதே அவர் வழி.

அப்படியானால் எதுவும் செய்யாமல் இருந்தாரா? ஆசிரம அடுக்களையில், விடிவதற்கு வெகுமுன்பே எழுந்து காய் நறுக்க உட்கார்ந்தவர் அவர். இலை தைத்தார், அச்சுக்குப் போகிற புத்தகங்களுக்குப் பிழை திருத்தினார். தரையில் சிந்திய அரிசியைக்கூட வீணாக விடமாட்டார். வீணாகப் போகும் காகிதங்களைச் சேர்த்துத் தைத்துச் சிறு நோட்டாக்குவார். இம்போசிஷன் நோட்டைத் தள்ளிய அதே கைதான் நோட்டுத் தைத்தது.

இங்கேதான் எனக்கு ஒரு முடிச்சு அவிழ்ந்தது. தன்னை ஏற்றுக்கொள்வது என்றால் வேலையை நிறுத்துவது என்று நினைத்திருந்தேன். அவரிடம் நின்றுபோனது வேலையில்லை, தண்டனை. பிழை திருத்தும்போது திருத்தப்பட்டது அச்சுப் பிழை மட்டும்தான். திருத்துகிறவர் யாரோடும் சண்டையில் இல்லை.

தோழரிடமும் கணக்கு உண்டு

வீட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன் அந்தப் பையனை உலுக்கிய புத்தகம் ஒன்று உண்டு. சேக்கிழாரின் பெரியபுராணம். அதைப் புரட்டினால், தன்னைத் திருத்திக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் கடவுள் என்ற எண்ணமே ஆட்டம் காணும்.

காளத்தி மலையில் வேட்டைக்காரர் கண்ணப்பர், ருசி பார்த்த இறைச்சியைப் படைத்தார். வாயில் கொண்டுவந்த நீரை உமிழ்ந்து அபிஷேகம் செய்தார். ஆசார சீலரான சிவகோசரியார் தினமும் வந்து, பதறிப்போய்ச் சுத்தம் செய்தார். கடைசியில் யார் அன்பு எத்தகையது என்பதை மறைந்திருந்து பார்க்கும்படி ஆயிற்று அந்தப் பெரியவருக்கு. கண்ணப்பரிடம் யாரும் போய், குளித்துவிட்டு வா என்று சொல்லவில்லை. வந்த கோலத்திலேயே ஏற்பு.

இதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். சுந்தரரை எடுத்துக்கொள்ளுங்கள். சிவனுக்கே தோழர். திருவாரூரில் பரவையாரை மணந்தவர், திருவொற்றியூரில் சங்கிலியாரையும் மணக்க விரும்பினார். உன்னைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அதிலும் ஒரு தந்திரம்: சன்னதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று தோழரிடமே ஏற்பாடு. தோழரோ, சத்தியத்தை மகிழமரத்தடியிலேயே வாங்கிக்கொள் என்று சங்கிலியாரிடம் கனவில் சொல்லிவிட்டார்! சத்தியம் செய்தார், மீறினார், ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று. வெண்பாக்கத்தில் கிடைத்தது ஊன்றுகோல் மட்டும். காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் இன்னொரு கண்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அழகு. கோபத்திலிருந்த பரவையாரைச் சமாதானப்படுத்த, நள்ளிரவில் திருவாரூர்த் தெருவில் இருமுறை தூது நடந்தார் அதே சிவன். தோழமை ஒரு நொடியும் அறுபடவில்லை. கணக்கிலும் ஒரு காசு தள்ளுபடி இல்லை. நம்மை ஒருவர் முழுக்க ஏற்றுக்கொண்டார் என்பதால் நாம் இன்னொருவருக்குச் செய்தது இல்லை என்றாகிவிடாது. ஆயிரம் வருடத்துக்கும் மேலாகத் தமிழர்கள் சொல்லிவரும் இந்தக் கதைக்குள் இவ்வளவு நிதானம் இருக்கிறது.

அறையிலிருந்து வெளியே வந்த பெண்

இதே இடத்துக்கு இன்னொரு கண்டத்திலிருந்து, மிகுந்த வலியோடு வந்து சேர்ந்தவர் மார்ஷா லினஹன். 1961-ல், 17 வயதில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகர மனநல மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டே இருந்ததால் தனியறையில் அடைக்கப்பட்டார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் அங்கே கழிந்தது. இந்த நரகத்திலிருந்து வெளியே போவேன், பிறகு திரும்பி வந்து மற்றவர்களையும் வெளியே எடுப்பேன் என்று அங்கேயே ஒரு சபதம்.

1967-ல் சிகாகோவில் ஒரு கத்தோலிக்கப் பிரார்த்தனைக் கூடத்தில் முழந்தாளிட்டிருந்தபோது, சுற்றிலும் பொன்னொளி நிறைந்ததுபோல் ஓர் அனுபவம். அறைக்கு ஓடிப்போய், தன்னைத் தனக்குப் பிடித்திருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதாகப் பின்னாளில் எழுதினார்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் அது ஓர் அற்புத சாட்சியம். அவர் மேற்கொண்டு படித்து, சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்குச் சிகிச்சை தரத் தொடங்கினார். மாறுங்கள், இப்படி மாறுங்கள் என்று மட்டும் சொன்னபோது நோயாளிகள் எகிறினார்கள்; தப்பெல்லாம் எங்கள் மேலா என்றார்கள். நீங்கள் இருக்கிறபடியே சரி என்று மட்டும் சொன்னபோதும் எகிறினார்கள். அப்படியென்றால் இந்த வேதனை தீரவே தீராதா என்றார்கள். இரண்டையும் ஒன்றாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஏற்கும் கலையைக் கற்க ஜென் குருமார்களிடம் போய் உட்கார்ந்தார் இந்தக் கத்தோலிக்கப் பெண். 1993-ல் நூலாக வந்த டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) சிகிச்சை அப்படி உருவானது. நோயாளி தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருக்கிறார். ஆனாலும் மாற வேண்டியிருக்கிறது. இந்த இரண்டில் எதையும் விடாமல் பிடித்திருப்பதுதான் அதன் உயிர். தன் பழைய கதையை அவர் பகிரங்கமாகச் சொன்னது 2011-ல், முன்பு அடைபட்டிருந்த அதே மருத்துவமனையில்.

அந்தச் சிகிச்சையிலும் தினமும் எழுதும் ஓர் அட்டை உண்டு. இன்று என்ன உணர்ச்சி, எவ்வளவு வேகம், என்ன செய்தேன். மதிப்பெண் போட்டு வெட்கப்படுவதற்கில்லை. சிகிச்சையாளரோடு உட்கார்ந்து சேர்ந்து பார்ப்பதற்கு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தூக்கமும் பசியும் போய், வாழ்வதே பாரம் என்று தோன்றுகிறவருக்கு இந்தக் கட்டுரை மருந்தாகாது. டெலி-மானஸ் மனநல உதவிச் சேவையின் 14416, தமிழக அரசின் 104 ஆகிய எண்களில் கேட்பதற்கு ஆள் இருக்கிறார்கள். உதவி கேட்பதும் தன்னை ஏற்பதில் சேர்ந்ததுதான்.

"என் சுபாவம் அப்படி"

தன்னை ஏற்பது என்ற பெயரில் நடக்கும் மோசடிக்கு வெகுதூரம் போக வேண்டாம். என் சித்தப்பா ஒருவர் வருடம் தவறாமல் சபரிமலைக்கு மாலை போடுவார். அந்த ஒரு மண்டலம் அவர் தங்கம். குடி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, சித்தியைக்கூட 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய ராத்திரி பழைய சித்தப்பா திரும்பிவிடுவார். கேட்டால் வேதாந்தம்: "என்ன பண்றது, என் சுபாவம் அப்படி. பகவான் என்னை இப்படித்தான் படைச்சிருக்கான்."

ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சித்தி என்னிடம் சொன்னாள்: "மாலை போட்டிருக்கறப்போ முடியுதில்ல? அப்போ சுபாவம் எங்க போச்சாம்?"

இந்த ஒரு கேள்வியைத் தாண்டி வரமுடியாத ஆன்மிகம் எதுவும் எனக்கு வேண்டாம். அவர் சுபாவத்துக்கான பில்லைக் கட்டிக்கொண்டிருந்தது அவள். எதை ஏற்பது, எதை மாற்றுவது என்று தெரியாமல் முழிக்கும்போது எனக்கு இப்போது உரைகல் அதுதான்: இந்தக் குறைக்குக் காசு கட்டுகிறவர் யார்? என் மூக்கு, என் நிறம், கூட்டத்தில் பேச வராத கூச்சம், காலையில் எழ முடியாத உடம்பு ஆகியவை யார் தலையிலும் விடியவில்லை. அவற்றோடு குடித்தனம் நடத்தலாம். என் வாய், என் குடி, என் பாராமுகம் என்றால் விலை இன்னொருவர் கொடுக்கிறார். அதை ஏற்கும் உரிமை எனக்குக் கிடையாது.

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடியால் நொந்த இருவர், ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும், தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் பன்னிரண்டு படிகளில் ஏற்பது, மாற்றுவது இரண்டும் வரிசையாக வருகின்றன. முதல் படி, குடியின் முன் நான் தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொள்வது. தன்னை ஏற்பதன் உச்சம் அது. ஆனால் எட்டாம் படியில் ஒரு பட்டியல் காத்திருக்கிறது: என்னால் பாதிக்கப்பட்டவர்கள் யார் யார்? ஒன்பதாம் படி, அவர்களிடம் போய் ஈடுசெய்வது. சித்தப்பா முதல் படியிலேயே பாய் விரித்துப் படுத்துக்கொண்டவர்.

மிச்சம் இரண்டு ரூபாய்

சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில் அன்று இன்னொரு காகிதமும் கிடந்தது. கிளம்பும்போது அண்ணன் ஒரு வேலை சொல்லியிருந்தார்: பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துப்போய் என் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடு. பையன் சித்தியிடம் ஐந்து ரூபாய் வாங்கினான். பழைய அட்லஸில் பார்த்தான். திண்டிவனம் வரை ரயிலில் போக மூன்று ரூபாய் போதும் என்று தோன்றியது. மூன்றை எடுத்துக்கொண்டான். கடிதம் எழுதினான்.

அந்தக் கடிதம் 'நான்' என்று தொடங்கி, போகப் போக 'இது' என்று மாறி, கையெழுத்தே இல்லாமல் முடியும் அதிசயத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதன் கடைசிப் பகுதிதான் பிடித்திருக்கிறது. கல்லூரிச் சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று அண்ணனுக்குத் தெரிவித்து, மிச்சம் இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். உலகத்தையே உதறிவிட்டுப் போகிறவன், ஃபீஸ் கட்டவில்லை என்பதை மறைக்கவில்லை. 'நான்' கரைந்துகொண்டிருந்த அந்தக் காகிதத்திலும் அண்ணனின் கணக்கு கரையவில்லை. மூன்றாம் முறை எழுதாத பாடம் மட்டும் அப்படியே கிடந்தது.

நீல நோட்டில் இப்போது கட்டங்கள் இல்லை. செயலியை நீக்கிவிட்டேன், தியானத்துக்கு உட்காருகிறேன், சில நாள் தூங்கிவிடுகிறேன். ராத்திரி படுக்கும் முன் நோட்டில் ஒரு வரி மட்டும் எழுதுவதுண்டு: இன்று யாருக்குப் பாக்கி? பல நாள் அந்த வரி காலியாக இருக்கும். முதல் நாள் எழுதியது பையனுக்குப் பாக்கி. மறுநாள் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவனிடம் போய், அன்றைக்கு ரசத்துக்காக அப்படிக் கத்தியிருக்கக் கூடாது என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"எந்த ரசம்?"